பகையாளி வரிசையில் என் தம்பி

காலை ஐந்து மணிக்கு எழுந்து, பல் தேய்த்து, ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்து, பதினோரு வருடமாக என் தம்பியை வாழ்த்தியிருக்கிறேன். ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்த நாளிலும் சுவரில் சாய்ந்துகொண்டு வாழ்த்தினேன். அவன் நலமாக இருக்கட்டும், அவன் துன்பமில்லாமல் இருக்கட்டும், அவன் மனம் அமைதியாக இருக்கட்டும். அவன் வீடு நெமிலிச்சேரியில். என் வீடு திருமுல்லைவாயிலில். நடுவில் அன்னனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம். ஐந்தாவது ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் அவன் வாசல். இந்தப் பதினோரு வருடத்தில் நான் ஒரு முறைகூட அந்த ரயிலில் ஏறவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என்னை மனம் பண்பட்ட மனிதன் என்று நம்பிக்கொண்டு இந்தப் பக்கத்தில் நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்கள். தெருவில் பார்த்தால் கும்பிடுகிறார்கள். அவர்கள் ஏமாந்தது போதும்.

எங்கள் தியானத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில் தன்னைத் தானே வாழ்த்திக்கொள்ள வேண்டும். பிறகு பிரியமான ஒருவரை. மூன்றாவதாக, பிரியமும் வெறுப்பும் இல்லாத யாரோ ஒருவரை. எனக்கு அது எங்கள் தெருமுனை பால் பூத்காரர். நான்காவதாகப் பகையாளியை. கடைசியில் எல்லா உயிர்களையும். இதைப் பழகிக்கொண்டபோது நான்காவது இடத்துக்கு யாரை வைப்பது என்று சிலர் திணறினார்கள். ஒரு அம்மா தனக்குப் பகையாளியே இல்லை என்று அழுதேவிட்டார். எனக்கு ஒரு கணமும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கூடப் பிறந்தவனைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தேன்.

என் மனைவிக்கு இந்த வரிசையெல்லாம் தெரியாது. அவள் சமையலறையிலிருந்து கத்துவாள். "பால் பொங்கி வழியுது. ஊரு உலகத்துக்கெல்லாம் நல்லது நினைக்கிற மனுஷனுக்கு எந்திரிச்சி அடுப்ப அணைக்கத் தெரியாதா?" நான் கண்ணைத் திறக்க மாட்டேன். கோபம் எழுகிறது, கோபம் தணிகிறது என்று உள்ளே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு மத்தியானம் வரைக்கும் அவளோடு பேச மாட்டேன். அதற்கு மௌனப் பயிற்சி என்று பெயர் வைத்திருந்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். இன்ஸ்பெக்‌ஷன். லேத்தில் கடைந்து வரும் சாமான்களை அளந்து பார்த்து, சரியானதை ஒரு டிரேயிலும் தப்பானதைச் சிவப்பு டிரேயிலும் போடுகிற வேலை. ஒரு மயிரிழை பிசகினாலும் சிவப்புதான். லேத்தில் நிற்கிறவர்கள் வந்து கெஞ்சுவார்கள்.

"அண்ணாத்தே, இத்தப் போய் ரிஜெக்ட் பண்றியே. கண்ணுக்கே தெரியல."

"கண்ணுக்குத் தெரியாததப் பாக்கத்தான்டா எனக்குச் சம்பளம்."

இந்தப் பதிலில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கம்பெனியில் என்னை நேர்மையானவன் என்றார்கள். நேர்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முப்பத்திரண்டு வருடம் ஒரு வேலையைச் செய்தால் அது கையோடு நிற்காது. வீட்டுக்கு வந்த பிறகும் மனிதர்களை இரண்டு டிரேயில் போட்டுக்கொண்டிருந்தேன். என் தம்பி சின்ன வயதிலேயே சிவப்பு டிரேக்குப் போய்விட்டான். தண்ணி லாரி ஓட்டுகிறவன், வாய்த்துடுக்கு, ஞாயிற்றுக்கிழமையானால் குடிப்பவன், ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவன்.

நான் பௌத்தத்துக்கு வந்தது விளையாட்டுக்கு அல்ல. எங்கள் அப்பா இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். இன்றைக்கு அந்த வயல்களில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஊர்த் தேர் எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். எங்கள் தெருவுக்கு வராத சாமியை நான் ஏன் தேடிப் போக வேண்டும் என்ற கேள்வி பதினெட்டு வயதில் வந்தது. நாற்பது வயதில் தீட்சை எடுத்துக்கொண்டேன். அந்த முடிவில் இன்றும் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "பார்த்தியா, சாமியை விட்டதுக்குக் கிடைச்ச கூலி" என்று தலையாட்டிக்கொண்டு சில பேர் வருவார்கள். அவர்கள் வர வேண்டாம். கோளாறு புத்தர் சொன்ன தம்மத்தில் இல்லை, அதைப் பிடித்த கையில் இருந்தது.

அப்பா என் தீட்சையை எளிதாக எடுத்துக்கொண்டார். வெற்றிலையை மென்றபடி ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ இன்னா சாமிய வோணா கும்புடு. கும்புடாமக்கூட போ. என்னைத் தூக்கிகினு போறப்போ மட்டும் நீ முன்னால நட. அது போதும் எனுக்கு."

தாய்க்குக் கடைசிப் பிள்ளை, தகப்பனுக்குத் தலைப்பிள்ளை என்பது எங்களில் வழக்கம். அம்மா போனபோது தம்பி மொட்டையடித்து, கொள்ளிச்சட்டி தூக்கி முன்னால் நடந்தான். அப்பாவுக்கு நான். இது யாரும் எழுதி வைக்காத, யாரும் மறக்காத கணக்கு. அன்றைக்கு நான் அவருக்குச் "சரி நைனா" என்றுதான் சொன்னேன்.

அப்பா தம்பி வீட்டில்தான் இருந்தார். அங்கேதான் இறந்தார். காலை பத்து மணிக்கெல்லாம் ஷாமியானா போட்டாகிவிட்டது. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சட்டியில் நெருப்பு புகைந்துகொண்டிருந்தது. சவரம் செய்கிறவர் கிண்ணத்தில் தண்ணீரோடு உட்கார்ந்து, பெரிய மகனைக் கூப்பிடுங்கள் என்றார். நான் வெள்ளைச் சட்டையில் போய் நின்று, மொட்டையும் கிடையாது, கொள்ளியும் கிடையாது, எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்றேன். சொந்தக்காரர்கள் சலசலத்தார்கள்.

இதுவரை நான் செய்ததில் பிழை இல்லை. நம்பாததை ஒருவன் செய்ய வேண்டியதில்லை. பிழை அடுத்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது.

தம்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தண்ணீர் டிரம் பக்கத்தில் நிறுத்தினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கோபமாகப் பேசவில்லை. என் வாழ்க்கையில் அவன் என்னிடம் அவ்வளவு தணிந்து பேசியதே இல்லை.

"அண்ணாத்தே, உனுக்கு மொட்டை வோணாம்னா வோணாம். சட்டியக்கூட நான் தூக்கிக்கிறேன். நீ ஒண்ணியும் செய்யாத. சும்மா முன்னால நட. நைனா கேட்டது அத்தான?"

எவ்வளவு நல்ல வழி அது. எனக்கும் இழுக்கில்லை, அப்பாவுக்குக் கொடுத்த வாக்கும் நின்றிருக்கும். தண்ணி லாரி ஓட்டுகிறவனுக்கு அந்த வழி தெரிந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலிருந்து வந்து ஷாமியானாவின் ஓரத்தில் நின்றிருந்த இரண்டு பேர்தான். அவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழ வேண்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"செத்த உடம்புக்கு முன்னால எவன் நடந்தா என்ன, பின்னால எவன் நடந்தா என்ன? பொணத்துக்குக் கண்ணு தெரியுமா?"

மேளக்காரர்கள் அந்த நேரம் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். தெருவே கேட்டது. பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி என் கையை விட்டான். நேராகப் போய்ச் சவரம் செய்கிறவர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். நான் கடைசி ஆளாக, அந்த இரண்டு பேரோடு, எல்லாம் அநித்தியம் என்று பேசிக்கொண்டு போனேன்.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்த பிறகு ஈரத்துணியோடு என் முன்னால் வந்து நின்றான். மொட்டைத் தலையில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"அது பொணம் இல்ல. நம்ம நைனா. இனிமே நீ என் ஊட்டுப் படி ஏறாத."

சரி என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஞாயிறுதான் கூட்டத்தில் இந்தத் தியானத்தைச் சொல்லித் தந்தார்கள்; மறுநாள் காலையிலிருந்து அவனை நான்காவது இடத்தில் வைத்தேன்.

திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடக்கும். முதலில் எங்கள் ஆட்கள் பதினைந்து பேர்தான். பிறகு அடுக்குமாடிகளிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். மதுரை, சேலம், நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வந்து இங்கே வீடு வாங்கியவர்கள். நல்ல பிள்ளைகள். தூக்கம் வரவில்லை என்பார்கள், சந்தோஷமாக இருப்பது எப்படி சார் என்று கேட்பார்கள். யாராவது பதில் சொல்ல வேண்டுமே. நான் சொன்னேன்.

என் கதையைத்தான் சொன்னேன். அப்பா சாவில் கொள்கைக்காகத் தனியாக நின்றது, தம்பி பகைத்துக்கொண்டது, அவன் என்னை வெறுத்தாலும் தினமும் காலையில் அவன் நலமாக இருக்கட்டும் என்று நான் வாழ்த்துவது, அதில் எனக்குக் கிடைக்கும் அமைதி. சொல்லச் சொல்ல அது மெருகேறியது. எந்த இடத்தில் நிறுத்தினால் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள், எந்த இடத்தில் தம்பி மாதிரிப் பேசிக் காட்டினால் சிரிப்பார்கள் என்று எனக்கு அத்துப்படி. "இனிமே நீ என் ஊட்டுப் படி ஏறாத" என்று அவன் குரலில் சொல்வேன். சிரிப்பார்கள். தண்ணீர் டிரம் பக்கத்தில் அவன் கெஞ்சியதை மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதைச் சொன்னால் கதை நிற்காது. பொய் சொல்லாதிருப்பேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் கைகூப்பிச் சொல்லிவிட்டு, அதே வாயால் இந்தக் கதையைச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை வாரா வாரம் செய்தேன்.

ஒரு முறை வெளியூரிலிருந்து ஒரு பிக்கு வந்திருந்தார். பிக்குகளைப் பந்தே என்று அழைப்பது எங்கள் வழக்கம். நான் பேசி முடித்ததும் எல்லோரும் அவர் என்ன சொல்வார் என்று பார்த்தார்கள். அவர் மெதுவாக ஒரு கதை சொன்னார். புத்தரின் தகப்பனார் இறந்தபோது, புத்தரே தூபக்கால் ஏந்திப் பாடைக்கு முன்னால் நடந்து போனார் என்று சீன தேசத்தில் ஒரு கதை சொல்வார்களாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அதெல்லாம் பிற்காலத்தில் யாரோ சேர்த்தது பந்தே, ஆதாரம் கிடையாது என்றேன். இருக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடித்தார். நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் பேச்சை யாரோ போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அது ஆவடி வரைக்கும், அதைத் தாண்டியும் சுற்றியது. பஸ்ஸில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு எழுந்து இடம் கொடுத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த வருடம், வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலையில், ஆவடி மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் "மாமா" என்றது. தம்பியின் மனைவி. பாதியாக இளைத்திருந்தாள். கையில் ஒரு பெரிய பாக்கெட். பெரியவர்களுக்குப் போடுகிற டயப்பர்.

எனக்குச் சட்டென்று வாயில் வந்தது இதுதான். "எப்படிமா இருக்கீங்க? தம்பி நல்லா இருக்கானா?"

அவள் பாக்கெட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்னைக் கேக்கறீங்க? நீங்கதான தெனம் காத்தால அவரு நல்லா இருக்கணும்னு குந்திகினு கீறீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

கீரைக்காரம்மா கட்டை நீட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தாள். நான் நகர்ந்து ஓரமாக வந்தேன். அவளும் வந்தாள்.

"வாதம் அடிச்சி அஞ்சு மாசம் ஆவுது மாமா. சோத்தாங்கை, சோத்தாங்கால் ரெண்டும் வர்ல. பேச்சு சுத்தமா பூட்ச்சு. நாம சொல்றதெல்லாம் புரியுது. பதில் சொல்லத்தான் வர்ல."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"சொல்றதா? உங்க வீடியோவ லாரி ஷெட்டுல ஒருத்தர் அவருக்குக் காட்டியிருக்காரு. அத்த வாங்கிகினு வந்து ஊட்ல வெச்சி நாலு வாட்டி பாத்தாரு. 'நான் அவனுக்குப் பகையாளியாம்டி'ன்னாரு. அவ்ளோதான். சாப்புடாம படுத்துட்டாரு. அப்பால நான் எந்த மூஞ்ச வெச்சிகினு உங்களுக்குச் சொல்றது?"

அதனால்தான் வாதம் வந்ததா என்று கேட்டேன். கேட்கும்போதே பயமாக இருந்தது.

"அதுக்கும் இதுக்கும் முடிச்சு போட மாட்டேன். வீடியோவப் பாத்து ரெண்டு மாசம் கழிச்சிதான் வந்துச்சு. பிரஷர் மாத்திரைய ஒழுங்காப் போடல, அதான் டாக்டர் சொன்னாரு. எனக்குப் பொய் சொல்ல வராது மாமா."

பிறகு, வெயிலில் நின்றபடியே, நான் கேட்காததையும் சொன்னாள். தம்பி என்னைத் தினமும் திட்டுவானாம். காலையில் டீ கிளாஸைக் கையில் எடுத்தால் ஆரம்பித்துவிடுவானாம். "அந்தாளு முட்டி வலிய வெச்சிகினு கீழ குந்தறான், எவன் தூக்கி வுடுவான்? சொன்னா கேக்கற ஜென்மமா அது?" மழை பெய்தால், "அவன் ஊட்டு மாடில ஒழுவும், நான் போயி தாரு ஊத்தினாத்தான் நிக்கும், கூப்புட மாட்டான், திமிரு புடிச்சவன்." அப்பாவின் தெவசத்துக்கு ஒவ்வொரு வருடமும் எனக்கென்று தனியாக ஓர் இலை போடச் சொல்வானாம். போட்டு, அதில் வடை பாயசம் எல்லாம் வைத்து, அந்த இலைக்கு எதிரில் உட்கார்ந்து திட்டுவானாம். சாயங்காலம் வரைக்கும் பார்த்துவிட்டு அவனே அந்த இலையில் சாப்பிடுவானாம்.

"வந்து பாருங்க மாமா," என்றாள் கடைசியில். "பயப்படாதீங்க. இப்ப திட்ட மாட்டாரு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் என்ன எழுந்தது என்பதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். தியானத்தில் எங்களுக்குச் சொல்லித் தருவது ஒன்றே ஒன்றுதான்: எது எழுகிறதோ அதைப் பார், பூசி மெழுகாதே. பதினோரு வருடப் பழக்கத்தில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு திறமை மட்டும்தான், அது அன்றைக்கு ஆவடி மார்க்கெட்டில் வேலை செய்தது. பார்த்தேன். துக்கம் வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, அவனால் பேச முடியாது, தண்ணீர் டிரம் பக்கத்தில் என்ன நடந்தது என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டான் என்கிற நிம்மதி. துக்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது. கீரைக்கட்டை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். நிம்மதியைச் சொல்லவில்லை, மற்றதைச் சொன்னேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கெளம்புங்க மொதல்ல" என்றாள். நான் உடனே கிளம்பினேன் என்று எழுத ஆசைதான். நான்கு நாள் ஆயிற்று. மனதைத் தயார் செய்துகொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். இதற்குமா தயாரிப்பு என்று கேட்டுவிட்டு அவள் தனியாகவே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து என்னோடு பேசவில்லை. அது நிஜமான மௌனம்.

அந்த நான்கு நாளும் பாயில் உட்கார்ந்தேன். நான்காவது இடம் வந்ததும் தம்பியின் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். சுடுகாட்டில் பார்த்த மொட்டைத் தலைதான் வந்தது. பதினோரு வருடமாக நான் வாழ்த்திக்கொண்டிருந்தது அந்த மொட்டைத் தலையைத்தான். அவனுக்கு முடி வளர்ந்து, நரைத்து, பிரஷர் வந்து, மாத்திரை வந்து, லாரி ஓட்டுவதை விட்டு ஷெட்டில் உட்கார்ந்தது எதுவும் என் தியானத்துக்குத் தெரியாது. அவனோ என் முட்டி வலியையும் என் மாடி ஒழுகுவதையும் தெரிந்து வைத்துக்கொண்டு திட்டியிருக்கிறான். நான் அவனைத் தினமும் வாழ்த்தினேன், அவன் என்னைத் தினமும் திட்டினான். எங்கள் இரண்டு பேரில் அவன்தான் என்னை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு என் மேலேயே அப்படி ஓர் அருவருப்பு வந்தது. பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன்.

ஐந்தாவது நாள் காலை ரயில் ஏறினேன். மொத்தமே இருபது நிமிடம். உட்கார இடம்கூடத் தேடவில்லை, வாசல் பக்கம் நின்றேன். நெமிலிச்சேரியில் இறங்கித் தெருவுக்குள் நடந்தேன். அவன் வீட்டுப் படியில் ஏறாதே என்று சொல்லியிருந்தான். படி எங்கே என்று பார்த்தேன். படியை உடைத்து, சக்கர நாற்காலி இறங்குவதற்காகச் சிமெண்டில் சரிவு போட்டிருந்தார்கள்.

அவன் வாசலுக்கு நேராகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்தான். கண் மட்டும் பழைய கண். அந்தக் கண்ணில் அவன் சொல்ல வேண்டியதெல்லாம் இருந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, எச்சில் வழிந்தது, ஒரு வார்த்தையும் வரவில்லை. மறுபடி முயன்றான். நான் அவன் காலடியில் உட்கார்ந்து, "திட்டுடா, திட்டு" என்றேன். நெமிலிச்சேரி முழுக்கக் கேட்கிற மாதிரி அவன் என்னைத் திட்ட வேண்டும் என்று அந்த நிமிடம் நான் ஆசைப்பட்ட மாதிரி வாழ்நாளில் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. ஆசைதான் துன்பத்துக்கு வேர் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பேன். அவன் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

முட்டி பிடித்துக்கொண்டு என்னால் கீழிருந்து எழுந்திருக்க முடியவில்லை. அவன் மனைவிதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். தம்பி அதைக் கடைக்கண்ணால் பார்த்தான்.

காலை வேளையில் அவனைத் தெருவில் நடக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். முன்னால் ஒருவர் நடக்க வேண்டும். அவர் தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு இவன் பின்னால் காலை இழுத்து இழுத்து வருவான். ஐந்து மாதமாக முன்னால் நடந்தது அவன் மனைவி.

"எனக்கு இடுப்பு ஒடியுது. இன்னிக்கி நீங்க நில்லுங்க மாமா," என்றாள். அவனைத் தூக்கி நிறுத்தி, அவன் இடது கையை எடுத்து என் தோளில் வைத்தாள். அவன் கையைப் பின்னுக்கு இழுத்தான். "சும்மா இரு" என்று அதட்டி மறுபடி வைத்தாள்.

மெதுவாக நடந்தோம். வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எங்கள் இரண்டு பேர் நிழலும் ஒன்றாக எனக்கு முன்னால் தெருவில் நீண்டு விழுந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் மூச்சு என் பிடரியில் பட்டது. கால் தேய்கிற சத்தம் கேட்டது. நாலு வீடு தாண்டினோம். ஐந்தாவது வீட்டு வாசலில் தோள் சட்டென்று லேசானது. நிழலைப் பார்த்தேன். அவன் கை மேலே எழுந்திருந்தது. விரல்கள் விரிந்து, உள்ளங்கை என் பிடரியைப் பார்த்து நின்றது.

அடிக்கப் போகிறான் என்று தெரிந்ததும் நான் நின்றேன். தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டினேன். அடிடா என்று மனதுக்குள் சொன்னேன். கை இறங்கியது. இறங்கும்போது அவன் கால் மடங்கிவிட்டது. விழாமல் இருக்க அதே கையால் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான். நகம் சட்டைக்குள் பதிந்தது. இன்னொரு தரம் கையை எடுக்கப் பார்த்தான். கால் நடுங்கியது. மறுபடி பிடித்துக்கொண்டான்.

எதிர்வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே யாரிடமோ, "தோ பாருடி, அண்ணந்தம்பி எவ்ளோ பாசமா போறாங்க" என்றாள்.

பின்னாலிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள்.

"நிக்காதீங்க மாமா. நின்னா அவருக்குக் காலு தாங்காது. முன்னால நடங்க."

நடந்தேன்.